எடுத்துவிட்டால் யார் தேடுவார்கள்? விளையாட்டுக் கருவிகளின் புது வசதிகள் பற்றி

புதுச்சேரியின் மடுகரையில் பிஜிஎம்ஐ என்ற போன் விளையாட்டை ஆடும் பையன்கள் புது போன் பற்றிப் பேசும்போது கவனித்துக் கேளுங்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்ற பேச்சு பின்னால்தான் வரும். "கைரோ இருக்கா?" என்பது முதல் கேள்வி. "தொண்ணூறு எஃப்பிஎஸ் ஓப்பன் ஆகுதா?" என்பது அடுத்தது. "ஹீட் ஆகுதாடா?" என்பது மூன்றாவது. விற்பவர் பெட்டியின் மேல் அச்சிட்ட மற்ற வசதிகளையெல்லாம் அவர்கள் அரைக்காதில் வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த மூன்று கேள்விகளுக்குப் பின்னால் நாற்பது ஆண்டுகளாக உலகம் முழுவதும் நடக்கும் ஒரு வாதம் இருக்கிறது. விளையாட்டுக் கருவி செய்யும் நிறுவனங்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏதாவது ஒரு புது வசதியோடு வருகின்றன. அதிரும் கைப்பிடி, முப்பரிமாணத் திரை, உடம்பைப் பார்க்கும் கேமரா, விரலை எதிர்த்துத் தள்ளும் பொத்தான் என்று பட்டியல் நீளும். வந்தவுடன் ஒரு கூட்டம் இது வெறும் ஜிகினா என்கிறது. இன்னொரு கூட்டம் இனி எல்லாமே மாறிவிடும் என்கிறது. இருவருமே அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். ஜிகினாவா, புதுமையா என்பதற்கு வெளியாகும் நாளில் விடை கிடையாது. அந்த வசதியைக் கருவியிலிருந்து எடுத்துவிட்ட பிறகு அதை யாராவது தேடுகிறார்களா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். நல்லவேளையாக, நிறுவனங்களே பலமுறை அப்படி எடுத்துப் பார்த்திருக்கின்றன. அதனால் ஊகம் தேவையில்லை. வரலாற்றைப் புரட்டினால் போதும்.

அதிர்விலிருந்து தொடங்கலாம். 1997இல் நின்டெண்டோ தன் 64 கருவிக்கு ரம்பிள் பேக் என்ற துணைப்பெட்டியை விற்றது. கைப்பிடியின் அடியில் செருக வேண்டும். அதற்குத் தனியாக இரண்டு பேட்டரி வேறு. ஆட்டத்தில் விமானம் அடிபட்டால் கை குலுங்கும், அவ்வளவுதான். விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கக்கூடிய பொருள்தான் அது. அதே ஆண்டு நவம்பரில் சோனி தன் டூயல்ஷாக் கைப்பிடிக்குள்ளேயே அதிர்வு மோட்டார்களை வைத்து ஜப்பானில் வெளியிட்டது. தனியாக வாங்கும் பொருளாக இருந்தது, பெட்டியோடு வரும் பொருளாக மாறிற்று. இந்த மாற்றத்தைச் சின்னதாக நினைக்கக் கூடாது. எல்லார் கையிலும் ஒரு வசதி இருக்கிறது என்று தெரிந்தால்தான் விளையாட்டைச் செய்பவர் அதை நம்பி வேலை செய்வார்.

பிறகு வழக்கு வந்தது. இம்மெர்ஷன் என்ற அமெரிக்க நிறுவனம், அதிர்வுத் தொழில்நுட்பத்தின் காப்புரிமை தன்னுடையது என்று 2002இல் நீதிமன்றம் போனது. 2004இல் நடுவர் குழு சோனிக்கு எதிராக 8 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதன் சிக்ஸாக்சிஸ் கைப்பிடியில் அதிர்வு இல்லை. அசைவை உணரும் கருவி உள்ளே இருப்பதால் அதிர்வு அதைக் குழப்பும் என்று காரணம் சொன்னார்கள். அதிர்வு போன தலைமுறை வசதி என்றும் சோனியின் உயர்பொறுப்பாளர் ஒருவர் பேசினார். ஆட்டக்காரர்கள் ஏற்கவில்லை. கைப்பிடி செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டார்கள். 2007 மார்ச்சில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டூயல்ஷாக் 3 அறிவிக்கப்பட்டது. அதில் அசைவுணர்வும் இருந்தது, அதிர்வும் இருந்தது. ஒன்று மற்றொன்றைக் குழப்பவில்லை. பத்து ஆண்டுக்கு முன் விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது, இல்லாமல் போன ஒரே ஆண்டில் தன் மதிப்பைக் காட்டிவிட்டது.

இதற்கு நேர் எதிரான கதை முப்பரிமாணத் திரை. 2011இல் நின்டெண்டோ 3டிஎஸ், கண்ணாடி போடாமலே ஆழம் தெரியும் திரையோடு வந்தது. பெயரிலேயே அந்த வசதிதான். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் அதைப் பார்க்க வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரிக்கை கொடுத்தது. இரண்டே ஆண்டில், 2013இல், அதே விளையாட்டுகளை ஓட்டும் 2டிஎஸ் வந்தது. முப்பரிமாணம் மட்டும் இல்லை. எந்த விளையாட்டும் உடையவில்லை, யாரும் கொடி பிடிக்கவில்லை. பிளேஸ்டேஷன் 2 காலத்துக் கைப்பிடியில் பொத்தானை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் அளந்தார்கள். பிளேஸ்டேஷன் 4இல் முகப்புப் பொத்தான்களிலிருந்து அது போய்விட்டது. போனது பலருக்கு இன்றுவரை தெரியாது. பிளேஸ்டேஷன் 5இன் அட்டைப்பெட்டியில் 8கே என்று அச்சிட்டிருந்தார்கள். பின்னால் வந்த பெட்டிகளில் அந்த எழுத்தைச் சத்தமில்லாமல் நீக்கினார்கள். அதை நம்பி வாங்கியவர் இருந்தால் அவர் ஏமாற்றப்பட்டார் என்றே நான் சொல்வேன்.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் சரியாக ஓடாது. அதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது.

நின்டெண்டோவின் அசல் கருவி இந்திய கிராமங்களுக்கு வந்ததே இல்லை. வந்தவை அதன் நகல்கள். நாம் அதை டிவி கேம் என்றோம். கேசட் போட்டால் மாரியோ, காண்ட்ரா, வாத்து சுடும் கேம் எல்லாம் வரும். அந்த வாத்து சுடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி கொடுப்பார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு ஊர்களில் 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியபோது வீட்டுக்கு வீடு படக்குழாய் டிவி வந்தது. முதல் டிவியோடு முதல் டிவி கேமும் பல வீடுகளில் சேர்ந்தே நுழைந்தது. துப்பாக்கியைத் திரைக்கு நேராக நீட்டி விசையை இழுத்தால் வாத்து விழும். பல பேருக்கு அது மந்திரமாகவே தெரிந்தது.

அதன் வேலை மிக எளிமையானது. விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்து வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் அடி, பார்க்காவிட்டால் தவறு. ஆனால் அந்த உணரி, படக்குழாய் டிவி வரிவரியாகப் படம் வரையும் வேகத்தோடு பொருந்துமாறு செய்யப்பட்டது. தட்டையான எல்சிடி டிவி வந்ததும் துப்பாக்கி குருடாகிவிட்டது. துப்பாக்கி போனபோது மக்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை. அது ஜிகினா அல்ல, காலூன்றிய தரை போய்விட்ட ஒரு புதுமை. ஒரு வசதி செத்தது என்பதாலேயே அது பொய் என்று முடிவு கட்டக் கூடாது என்று சொல்ல எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது.

உடம்பைப் பார்க்கும் கேமராவான கினெக்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பரில் அதை வெளியிட்டது. கைப்பிடியே வேண்டாம், உங்கள் உடம்புதான் கைப்பிடி என்பது விளம்பரம். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. மிக வேகமாக விற்ற மின்னணுச் சாதனம் என்று கின்னஸ் பதிவும் கிடைத்தது. இந்தியாவிலும் அந்த மாதமே வந்தது. ஒரு ஆள் ஆட ஆறடி, இரண்டு பேர் ஆட எட்டடி தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள்.

அந்த ஆறடியை வில்லியனூர், நெட்டப்பாக்கம், பாகூர்ப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் வைத்துப் பாருங்கள். கூடத்தில் கட்டில் கிடக்கும், ஒரு ஓரம் நெல்மூட்டை, டிவிக்குப் பக்கத்தில் பீரோ. டிவிக்கு எதிரே காலியாக ஆறடி இருந்தால் அங்கே பாய் விரித்து ஆட்கள் படுத்திருப்பார்கள். கினெக்ட் ஒரு குறிப்பிட்ட நாட்டின் வீட்டு வரவேற்பறையை உலகம் முழுவதற்கும் பொதுவானதாக எடுத்துக்கொண்டது. ஜப்பானின் சிறிய வீடுகளிலும் இதே இடறல்தான். இடத்தோடு இன்னொரு சிக்கலும் இருந்தது: கையை அசைப்பதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையிலிருந்த தாமதம். நடனத்துக்கு அது பரவாயில்லை. குறி பார்த்துச் செய்யும் எந்த ஆட்டத்துக்கும் ஆகாது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு கினெக்டைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அதை எடுத்துவிட்டு 399 டாலருக்கு விற்றார்கள். கருவி நன்றாக விற்கத் தொடங்கியது. 2017இல் உற்பத்தியே நின்றது.

விளையாட்டாகப் பார்த்தால் கினெக்ட் தோற்றது. எடுத்தபோது தேடியவர் குறைவு. ஆனால் அதற்குள் இருந்த ஆழமறியும் உணரி தோற்கவில்லை. எந்திர மனிதன் செய்பவர்களும் மருத்துவ ஆய்வாளர்களும் மலிவான முப்பரிமாணக் கண்ணாக அதை வாங்கிக் குவித்தார்கள். அந்த உணரியின் அடிப்படையைத் தந்தது பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனம். 2013இல் ஆப்பிள் அதை வாங்கியது. 2017இன் ஐபோன் எக்ஸில் முகத்தைப் பார்த்துப் பூட்டுத் திறக்கும் வசதிக்குப் பின்னால் அதே வழித் தொழில்நுட்பம்தான் இருந்தது. ஆட்டத்துக்கு உதவாத ஒன்று வேறு துறைக்குப் புதுமையாகலாம். ஆனால் அதைக் காட்டி, ஆட்டக்காரனிடம் அதை விற்றது சரிதான் என்று வாதிட முடியாது.

ஜப்பானின் குன்பெய் யோகோய் இந்த விஷயத்தில் எல்லாரையும்விடத் தெளிவாக இருந்தார். நின்டெண்டோவில் பொறியாளராக இருந்த அவருடைய கொள்கை: பழகித் தேய்ந்து மலிவாகிப்போன தொழில்நுட்பத்தை எடு, அதற்கு யாரும் நினைக்காத ஒரு வேலை கொடு. கால்குலேட்டர் திரையை எடுத்து 1980இல் கேம் அண்ட் வாட்ச் செய்தார். 1982இல் அதன் டாங்கி காங் பதிப்புக்காக அவர் வடிவமைத்த சிலுவை வடிவப் பொத்தான், நம் டிவி கேம் கைப்பிடி வரை வந்து சேர்ந்தது. 1989இல் வண்ணமில்லாத திரையோடு கேம் பாய் வந்தது. சேகாவின் கேம் கியர் வண்ணத்தில் மின்னியது. கேம் கியர் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்று தீர்க்கும். கேம் பாய் நான்கு பேட்டரியில் நெடுநேரம் ஓடும். கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடிக்கும் மேல் விற்றன. கேம் கியர் சுமார் 1 கோடி. அதே யோகோய் 1995இல் சிவப்பு நிறத்தில் மட்டும் படம் காட்டும் வர்ச்சுவல் பாய் என்ற தலைக்கருவியைச் செய்தார்; அது எட்டு லட்சம்கூட விற்காமல் முடங்கியது. தன் கொள்கையை மீறியபோது அவரும் விழுந்தார். அதனால் நான் நம்புவது அந்தக் கொள்கையைத்தான்.

அந்தக் கொள்கைக்கு இன்று நம் கண் முன்னால் நடக்கும் மிகச் சிறந்த உதாரணம் கைரோ.

அசைவை உணரும் சில்லின் கதை விளையாட்டில் தொடங்கவில்லை. கார் மோதும்போது காற்றுப்பையை விரிக்க, 1990களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் சிலிக்கானில் செதுக்கிய முடுக்கமானியை விற்றது. கோடிக் கணக்கில் செய்து செய்து விலை குறைந்தது. 2006இல் நின்டெண்டோ வீ கருவியின் கைப்பிடிக்குள் அதே நிறுவனத்தின் முடுக்கமானி இருந்தது. டென்னிஸ் மட்டைபோல வீசினால் திரையில் பந்து பறந்தது. வீ 10 கோடிக்கும் மேல் விற்றது. பாட்டிமாரும் ஆடினார்கள், அதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. ஆனால் முடுக்கமானிக்கு ஒரு குறை உண்டு. சாய்வு தெரியும், உதறல் தெரியும். மணிக்கட்டை மெல்லத் திருப்பினால் எவ்வளவு திருப்பினோம் என்று அதற்குத் துல்லியமாகத் தெரியாது. அதைச் சரிசெய்ய 2009இல் வீ மோஷன்பிளஸ் என்ற சின்னத் துணைக்கட்டை வந்தது. அதற்குள் இன்வென்சென்ஸ் நிறுவனத்தின் கைரோஸ்கோப் சில்லு இருந்தது. அந்தச் சில்லுக்குள் அதிர்ந்துகொண்டே இருக்கும் நுண்ணிய எடை ஒன்று உண்டு. கருவியைத் திருப்பினால் அந்த எடை பக்கவாட்டில் விலகும். விலகலை அளந்தால் திருப்பிய வேகம் கிடைக்கும். அடுத்த ஆண்டே, 2010இல், ஐபோன் 4 அத்தகைய சில்லைப் போனுக்குள் வைத்தது. பிறகு அது ஆண்ட்ராய்டு போன்களுக்கு வந்தது: படம் எடுக்கும்போது கை நடுக்கத்தைச் சரிக்கட்ட, வரைபடத்தில் திசை காட்ட.

ஆக, நம் பையன்களின் கைக்கு வந்தபோது அது யாரும் விளையாட்டுக்கென்று விளம்பரம் செய்யாத, தேய்ந்து மலிந்த தொழில்நுட்பம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. 2020 செப்டம்பரில் அது தடைசெய்யப்பட்டு, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022இல் மறுபடி நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டது. இத்தனை தடைக்கும் இடையில் ஆட்டக்காரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்துத் தேர்ந்துவிட்டார்கள். துப்பாக்கி சுடும்போது முனை மேலே ஏறும். கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்து அதை அடக்கலாம். ஆனால் அதே விரல்தான் குறியும் பார்க்க வேண்டும். கைரோ இருந்தால் போனையே ஒரு நூல் அளவு முன்னால் சாய்த்தால் போதும், முனை அடங்கும். விரல் பெரிய திருப்பத்துக்கு, மணிக்கட்டு நுண்ணிய திருத்தத்துக்கு என்று வேலை பிரிந்துவிடுகிறது. அமைப்புப் பக்கத்தில் ஆஃப், ஸ்கோப் ஆன், ஆல்வேஸ் ஆன் என்று மூன்று நிலை வைத்திருக்கிறார்கள். தேர்ந்தவர்கள் பலரும் ஆல்வேஸ் ஆனில்தான் இருக்கிறார்கள். பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் சில நாட்கள் திரை கப்பல் மாதிரி ஆடும். அந்தத் தொந்தரவைத் தாண்டி ஒருவன் அதை அணைக்காமல் வைத்திருக்கிறான் என்றால், அந்த வசதிக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறில்லை.

எடுத்தால் தேடுவார்களா என்ற சோதனை இங்கே தினம் தினம் நடக்கிறது. ஏனென்றால் பலருக்கு அது எடுக்கப்பட்டுத்தான் இருக்கிறது. ரெட்மி, ரியல்மி வரிசைகளின் அடிமட்ட விலை மாடல்கள் பலவற்றில் கைரோஸ்கோப் சில்லு வைக்கப்பட்டதில்லை. சில போன்களில் முடுக்கமானியையும் திசைகாட்டியையும் வைத்துக் கணித்துச் சொல்லும் மென்பொருள் கைரோ ஒன்று உண்டு. திக்கித் திணறித்தான் ஓடும். அதைக் கைரோ என்று எழுதுவது ஜிகினா என்று தயங்காமல் சொல்வேன். 1 கோடி ரூபாய் பரிசோடு 2021இல் தொடங்கிய பிஜிஎம்ஐ தேசியத் தொடரில் எந்த ஊர்ப் பையனும் கலந்துகொள்ளலாம். ஆனால் கரும்பு வெட்டப் போகும் அப்பாவின் பழைய போனில் ஆடுபவனும், பிரான்சிலிருந்து மாமா கொண்டுவந்த போனில் ஆடுபவனும் ஒரே ஆட்டத்தை ஆடவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருப்பதால் இந்த வித்தியாசம் ஒரே தெருவிலேயே தெரியும்.

திரையின் வேகத்துக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற எஃப்பிஎஸ் கணக்குக்கு வருவோம். 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிநொடி பிடித்து வைக்கிறது. 90 ஹெர்ட்ஸில் 11.1, 120இல் 8.3. எதிராளி சுவரோரத்தில் தலைகாட்டும் நேரத்தில் இந்த வித்தியாசம் உண்மையானது. வசதி உண்மை, விற்பனையில்தான் பொய் புகுகிறது. திரை 120 என்று பெட்டியில் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் சில்லுக்கு அந்த ஆட்டத்தில் 40, 60க்கு மேல் தள்ளத் தெம்பு இருக்காது, அல்லது அந்த மாடலுக்கு ஆட்டத்திலேயே 90 திறக்காது. மேலும் கத்திரி வெயிலில், ஓட்டு வீட்டில், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில் இருபது நிமிடம் ஆடினால் போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். குளிரூட்டிய அறையில் எடுத்த விமர்சன வீடியோவில் இது தெரியாது. வியர்த்த விரல் திரையில் ஒட்டுவதைச் சமாளிக்க நம் பையன்கள் விரல் உறை மாட்டுகிறார்கள், பவுடர் தடவுகிறார்கள். சில பத்து ரூபாய் விரல் உறை, என் கணக்கில், பல போன்களின் கேம் மோடைவிட மெய்யான கண்டுபிடிப்பு.

தோள்பட்டைப் பொத்தான்களும் இதே வழியில் வந்தவை. முதலில் போனில் கிளிப் போல மாட்டும் பிளாஸ்டிக் டிரிகர்கள் வந்தன. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தை மாதிரி இடங்களில் குவித்து விற்கும் ரகம். 2018இல் அசுஸின் ஆர்ஓஜி போன் அதை விரல் தொடுதலை உணரும் விளிம்பாக உள்ளேயே வைத்தது. விலை நமக்கு எட்டாது. 2025இல் இன்ஃபினிக்ஸ் ஜிடி 30 புரோ போன்ற நடுத்தர விலை போனிலேயே அது வந்துவிட்டது. நான்கு விரலால் நண்டுக்கால் பிடி பிடித்துப் பழகியவர்களுக்கு இது தேவையா என்பதை இன்னும் இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் சொல்ல முடியும்.

2021 பிப்ரவரி 2ஆம் தேதி 49,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் கைப்பிடியும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது. வில் நாணை இழுத்தால் பொத்தான் விரலை எதிர்க்கும். உள்ளே ஒரு சிறு மோட்டார் பற்சக்கரத்தால் தடுக்கிறது. கருவியோடு இலவசமாக வந்த ஆஸ்ட்ரோஸ் பிளேரூமில் அது அற்புதமாகவே இருந்தது. ஆனால் போட்டிக்குச் சுடுபவர்கள் அந்த எதிர்ப்பு தாமதப்படுத்துகிறது என்று அணைத்துவிடுகிறார்கள். பல கருவிகளுக்கு ஒரே விளையாட்டைச் செய்யும் நிறுவனங்கள் ஒன்றில் மட்டுமே உள்ள வசதிக்கு அதிகம் உழைப்பதில்லை. எல்லார் கையிலும் இருக்க வேண்டும் என்று முன்னே சொன்னது இங்கேதான் உதைக்கிறது.

எண்ணிக்கையை மட்டும் வைத்து அளந்தால் ஒரு அநியாயம் நடந்துவிடும். 2018இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற ஒன்றை வெளியிட்டது. இரண்டு பெரிய பொத்தான்; பின்னால் 19 செருகுதுளைகள். கை முழுமையாக இயங்காதவர் காலால் மிதிக்கும் விசையையோ, முகவாயால் தட்டும் பொத்தானையோ, வாயால் ஊதும் குழலையோ அதில் இணைத்து ஆடலாம். 2023இல் சோனியும் ஆக்சஸ் என்ற கைப்பிடியோடு வந்தது. ஆட்டக்காரர்களில் மிகச் சிலருக்கே இவை தேவை. எடுத்துவிட்டால் சந்தையில் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் அந்தச் சிலருக்கு அது இல்லையென்றால் விளையாட்டே இல்லை. ஆகவே என் சோதனையில் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதோடு, தேடுபவர் எதை இழந்தார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். முப்பரிமாணத் திரையை இழந்தவர் ஒரு அலங்காரத்தை இழந்தார். இவர்கள் இழப்பது நண்பர்களோடு சேர்ந்து ஆடும் மாலைப் பொழுதை. இந்த இருபது ஆண்டில் வந்தவற்றில் பெரிய புதுமை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

போன் செய்யும் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாவது கேமரா என்று பெயருக்கு ஒட்டும் இரண்டு மெகாபிக்சல் கண்ணை எடுத்துவிடுங்கள். அதை யாரும் தேடப்போவதில்லை. அந்தக் காசில் மிகக் குறைந்த விலை போனிலும் உண்மையான கைரோஸ்கோப் சில்லை வையுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் பிள்ளைக்குப் போன் வாங்கப் போகும் பெற்றோர், கடைக்காரர் சொல்லும் ஹெர்ட்ஸ் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். உணரிகளின் பட்டியலில் கைரோஸ்கோப் இருக்கிறதா என்று பாருங்கள். அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்துவீட்டுப் பையனிடம் அவன் ஆடும் ஆட்டத்தில் எத்தனை எஃப்பிஎஸ் திறக்கிறது, மே மாதத்தில் எப்படி ஓடியது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.